கல்லூரியா, கஞ்சாச் செடியா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில், இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் வாரங்களில், கோயில் மண்டபத்தை ஒட்டிய சிறிய அறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, மாணவர்களுக்கு மேற்படிப்பு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வழக்கமாகிவிட்டது. அரசு உயர்கல்வி நிலையங்களில் சேர்வதற்கான யூ.பி.யூ., கல்விக் கடன் தரும் பி.டி.பி.டி.என். என்று கேள்விகள் வந்துகொண்டிருக்கும்போது, கடைசியாக எழுந்து போகும் பையன் கதவருகே நின்று தாழ்ந்த குரலில் வேறொன்றைக் கேட்பான். ஓர் அண்ணன் கஞ்சாச் செடி வளர்க்க ஆள் தேடுகிறாராம். மாதச் சம்பளத்தோடு அறுவடையில் பங்கும் உண்டாம். கல்லூரிக்குப் போய் என்ன கிடைக்கப்போகிறது என்பானாம் நண்பன். ஒரே கேள்வி ஆண்டுதோறும் வெவ்வேறு முகங்களிலிருந்து வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். சட்டப் பிரிவுகளை வழக்கறிஞர் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து சரிபார்த்தே எழுதினேன். தனிப்பட்ட வழக்குக்கு இந்தப் பக்கம் போதாது.

சார், செடி வளர்க்கிறதே குத்தமா, இல்ல விக்கிறதுதான் குத்தமா?

வளர்ப்பதே குற்றம். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவு, கஞ்சாச் செடியை நடுவதையும் பயிரிடுவதையும் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. விற்றதாகவோ, விற்க நினைத்ததாகவோ அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. தண்டனை ஆயுள் சிறையும் குறைந்தது 6 பிரம்படிகளும் ஆகும். ஆயுள் சிறை என்பதை 1953ஆம் ஆண்டு குற்றவியல் நீதிச் சட்டம் 30 ஆண்டுகள் என்று கணக்கிடுகிறது. நன்னடத்தைக்குக் கழிவு கிடைத்தாலும், 19 வயதில் உள்ளே போகிறவன் வெளியே வரும்போது அவனோடு படித்தவர்களின் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் இருப்பார்கள்.

ஒரே ஒரு செடி, பூந்தொட்டியில, என் சொந்த உபயோகத்துக்குன்னா?

6பி பிரிவில் எண்ணிக்கை என்ற பேச்சே இல்லை. இத்தனை செடிக்கு மேல்தான் குற்றம் என்றோ, சொந்த உபயோகம் என்றால் இலேசான தண்டனை என்றோ அதில் எதுவும் எழுதப்படவில்லை. ஒரு பையன் தன் கைப்பேசியில் படம் காட்டினான். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் பின்கட்டில், பழைய பெயின்ட் டப்பாவின் அடியில் ஆணியால் துளையிட்டு, அம்மாவின் கறிவேப்பிலைக் கன்றுக்கும் குளியலறைச் சுவருக்கும் இடையே ஒரு சாண் உயரச் செடியை வைத்திருந்தான். "இது சும்மா ஆசைக்கு, சார்" என்றான். சட்டத்தின் முன் அந்த டப்பாவும் ஒரு தோட்டம்தான் என்று சொன்னபோது அவன் சிரித்தான். 6பி பிரிவை வாசிக்கக் கொடுத்த பிறகு சிரிக்கவில்லை.

பேப்பர்ல 39பி, 39ஏன்னு போடுறாங்களே, அது வேற கேஸா?

வேறு பிரிவுகள், ஆனால் ஒரே செடியிலிருந்து எல்லாவற்றுக்கும் போய்ச் சேரலாம். வேரோடு நிற்கும்வரை 6பி. அறுத்துக் காயவைத்த பிறகு எடை கணக்கில் வருகிறது. 20 கிராமுக்குக் குறைவாக வைத்திருந்தால் 6ஆம் பிரிவின்கீழ் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 20 கிராம் முதல் 50 கிராமுக்குள் என்றால் 39ஏ பிரிவின்கீழ் 2 முதல் 5 ஆண்டுகள் சிறையும் 3 முதல் 9 பிரம்படிகளும். 50 கிராமும் அதற்கு மேலும் என்றால் குறைந்தது 5 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள், அதோடு 10 பிரம்படிகளுக்குக் குறையாமல்.

200 கிராம் என்ற எல்லையைத் தொட்டுவிட்டால், அதைக் கடத்தலுக்காக வைத்திருந்ததாகவே சட்டம் அனுமானித்துக்கொள்ளும்; அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மீது விழும். அதுதான் 39பி. 2018 மார்ச் 15க்கு முன்பு அதற்குக் கட்டாய மரண தண்டனை மட்டுமே இருந்தது. 2023 ஜூலை 4 முதல் நடப்பிலுள்ள சட்டத்தின்படி, நீதிபதி மரண தண்டனையோ, ஆயுள் சிறையுடன் குறைந்தது 12 பிரம்படிகளோ விதிக்கலாம். "தூக்கை எடுத்துவிட்டார்கள்" என்று நகரில் ஒரு பேச்சு உலவுகிறது. எடுக்கப்பட்டது கட்டாயம் மட்டுமே, தண்டனை அல்ல.

வளர்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. "கடத்தல்" என்ற சொல்லுக்குச் சட்டம் தந்திருக்கும் பொருளில் வைத்திருத்தல், மறைத்தல், சேமித்தல், எடுத்துச் செல்லுதல் ஆகியவையும் அடங்கும். ஆகவே, பங்கு கிடைக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும் அறுவடை நாள்தான் வழக்கு 6பி-யிலிருந்து 39பி-க்கு மாறக்கூடிய நாளும் ஆகும்.

நான் தண்ணி ஊத்துறவன் மட்டும்தான். செடியும் என்னுது இல்ல, இடமும் என்னுது இல்ல. என்னை என்ன செய்வாங்க?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 6பி பிரிவு, தனக்காக நட்டவரையும் பிறருக்காக நட்டவரையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்கிறது. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, உடந்தையாக இருந்தவருக்கும் முயன்றவருக்கும் குற்றம் செய்தவருக்குரிய தண்டனையே. சம்பளத்துக்கு வேலை செய்தேன் என்பது விடுவிக்கும் காரணமாகாது. பெரும்பாலும் அது வாக்குமூலமாகவே முடியும்.

ஏற்பாட்டை நிதானமாகப் பாருங்கள். முதல் போட்ட தவுக்கே, அதாவது முதலாளி, இன்னொரு ஊரில் இருக்கிறார். ஆள் பிடித்துக் கொடுத்த அண்ணன் கைப்பேசியில் மட்டுமே பேசுகிறார். கதவுச் சாவி, தண்ணீர்க் குழாய், மின்கட்டண ரசீது, விரல் ரேகை ஆகிய நான்கும் தண்ணீர் ஊற்றுகிற பையனிடம் இருக்கின்றன. காவல்துறை உள்ளே நுழையும்போது அந்த இடத்தில் இருக்கப்போகிறவனும் அவன் ஒருவன்தான். நம் கொள்ளுத்தாத்தாக்களைக் கப்பலேற்றி அழைத்து வந்த கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது. காட்டை வெட்டியவர்களுக்குக் காய்ச்சல் கிடைத்தது. அந்த முறையில் ஆள் சேர்ப்பது 1938இல் நின்றுபோனது என்று வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தப் பையன்கள் பேசுவதைக் கேட்கும்போது, அது நின்றதா என்று எனக்கே ஐயம் வருகிறது. அவர்கள் சொல்லும் "பங்கு" லாபத்தில் எவ்வளவு என்பதைவிட, ஆபத்தில் எவ்வளவு என்பதைக் கேட்டுப் பாருங்கள்.

மாமாவோட பழைய நிலத்தில, அவருக்குத் தெரியாம செஞ்சா அவருக்குப் பிரச்சினை வராதுதானே?

தம் நிலத்தில் பயிரிட அனுமதிக்கும் உரிமையாளரும் குடியிருப்பவரும் 6பி பிரிவுக்குள் வருகிறார்கள். அவருக்குத் தெரியாது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உண்மையை அவர் விசாரணை அறையில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் உங்களுக்கு எதிரான சாட்சியமாக. போதைப்பொருள் பணத்தில் வாங்கிய வீட்டையும் காரையும் பறிமுதல் செய்ய 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது.

இந்த ஊரில் நிலம் என்பது சாதாரணச் சொல் அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சந்தாவைச் சேர்த்தே தோட்டங்களை வாங்கினார். உங்கள் மாமாவின் அரை ஏக்கர் அந்த வழியில் வந்ததாக இல்லாமல் இருக்கலாம். யாரோ வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் வந்தது என்பது மட்டும் நிச்சயம்.

பிடிபட்டா பெயில்ல வந்து கேஸை நடத்திக்கலாம்னு சொல்றாங்களே?

அப்படிச் சொல்கிறவர் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41பி பிரிவைப் படித்ததில்லை. அந்தச் சட்டத்தின்கீழ் 5 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கும் பிணை கிடையாது. ஆகவே 6பி, 39பி இரண்டிலும் குற்றம் சாட்டப்பட்ட நாள் முதல் தீர்ப்பு நாள் வரை உள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு முன்னால், கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, இத்தகைய கடுமையான குற்றங்களில் முதலில் 7 நாள்களும் பிறகு 7 நாள்களும் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். இவை தவிர, 1985ஆம் ஆண்டுச் சிறப்புத் தடுப்பு நடவடிக்கைச் சட்டம் இருக்கிறது. அதன்படி கடத்தலில் தொடர்புடையவர் என்று கருதப்படுபவரை 60 நாள்கள் வரை காவலில் வைத்து விசாரிக்கலாம். அமைச்சரின் ஆணையின் பேரில் விசாரணை நீதிமன்றம் எதுவுமின்றி 2 ஆண்டுகள் வரை தடுத்தும் வைக்கலாம்.

ஒருமுறை, இன்னொரு பையனின் வழக்குக்காக நீதிமன்ற வாசலில் நான் காத்திருந்தேன். ஓர் அம்மா சிவப்புப் பிளாஸ்டிக் பையில் மடித்த வெள்ளைச் சட்டையும், பழைய ஜப்பான் சிலிப்பரும், பொட்டலம் கட்டிய நாசி லெமாக்கும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே கொண்டுபோக முடியாது என்று சொல்லியும் பொட்டலத்தை அவர் கீழே வைக்கவில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கத் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போயிருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. பையன் வாகனத்திலிருந்து இறங்கி நடந்துபோன தூரம் பதினைந்து அடிகூட இருக்காது. அந்தப் பதினைந்து அடிக்காக அவர் விடிகாலை முதல் நின்றிருந்தார்.

எனக்கு இன்னும் 17தான். சின்னப் பையன்னு விட்டுருவாங்கன்னு அந்த அண்ணன் சொன்னாரு.

அதற்காகத்தான் அந்த அண்ணன் உங்களைத் தேடி வந்திருக்கிறார். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அதற்குப் பதிலாக மாமன்னரோ மாநில ஆட்சியாளரோ விரும்பும் காலம்வரை சிறையில் வைக்க ஆணையிடப்படும். அதற்கு முன்கூட்டியே நிர்ணயித்த முடிவுத் தேதி கிடையாது. மற்றக் குற்றங்களுக்கு ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளி போன்ற இடங்களுக்கு அனுப்பப்படலாம். இவற்றில் எதையும் "விட்டுவிடுவது" என்று சொல்ல முடியாது.

தாய்லாந்துல கடை போட்டு விக்கிறாங்க. நம்ம நாட்டுலயும் சீக்கிரம் வந்துடும்தானே? முன்னாடியே தொழிலைக் கத்துக்கிட்டா நல்லதுதானே?

தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், பூவை மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அதே நாடு கயிற்றை இறுக்கியது. பக்கத்து நாட்டுச் சட்டம் மூன்று ஆண்டில் இரண்டு திசையில் போனதைப் பார்த்த பிறகும், அதை நம்பி இங்கே முதலீடு செய்வது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹித்தாம் வழியாக மிட்டாயாகவோ பிஸ்கட்டாகவோ கொண்டுவந்தாலும் அது இறக்குமதிதான். கடத்தலின் பொருளில் இறக்குமதியும் அடங்கும்.

ஒருவேளை நாளை சட்டம் மாறலாம். மாறினால் உரிமம் யாருக்குக் கிடைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆய்வுக்கூடம், தரக்கட்டுப்பாடு, பயிர் அறிவியல் பட்டதாரிகள், வங்கிக் கடன் ஆகியவை உள்ள நிறுவனங்கள் வரிசையின் முன்னால் நிற்கும். குற்றப் பதிவு உள்ளவருக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது அரிது.

மருந்துக்குன்னா அனுமதி உண்டுன்னு அமைச்சரே சொன்னாரே?

2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் அளித்த பதில் அது. கஞ்சா கலந்த ஒரு மருந்து 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்கீழ் பதிவு செய்யப்பட்டு, உரிய உரிமத்தோடு இறக்குமதியாகி, பதிவு பெற்ற மருத்துவரால் எழுதிக் கொடுக்கப்பட்டால் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். வீட்டுக்குப் பின்னால் வளர்ப்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. பாட்டியின் மூட்டுவலிக்கு என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பாட்டியை மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவுக்குப் பரிந்துரைக்கச் சொல்லி அனுப்பினேன்.

கணக்கு போட்டுப் பாருங்க சார். ரெண்டு அறுவடையில மூணு வருஷச் சம்பளம் வந்துடும்னு சொல்றாங்க.

போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஓராண்டுக்கு 20,400, மூன்று ஆண்டுகளுக்கு 61,200. அந்தத் தொகை தண்ணீர் ஊற்றுகிறவன் கைக்கு முழுதாக வந்து சேரும் என்று வாக்குறுதி கொடுத்தவர் உண்டே தவிர, வந்தது என்று எண்ணிக் காட்டிய ஒருவரையும் இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. செடி பூச்சி பிடித்தது, வாங்குபவன் விலையைக் குறைத்தான், பாதியைப் பிடித்துவிட்டார்கள் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். ஏமாற்றப்பட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கவும் முடியாது.

சரி, வந்தது என்றே வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கத்தில் 30 ஆண்டு உள்ளே இருப்பதை அதே குறைந்தபட்சச் சம்பளத்தில் கணக்கிட்டால் 6,12,000 ரிங்கிட். சம்பள உயர்வு, ஊழியர் சேமநிதி, அப்பாவின் மருத்துவச் செலவுக்குக் கை கொடுத்திருக்கக்கூடியது ஆகியவை இதில் சேரவில்லை. பத்தில் ஒருவர்தான் பிடிபடுகிறார் என்று வைத்தாலே பிடிபடும் ஆபத்தின் சராசரி விலை 61,200 ரிங்கிட். வருமானமும் அதே 61,200. அதாவது, எல்லாம் அவர்கள் சொன்னபடியே நடந்தாலும் லாபம் பூஜ்யம். இந்த "பத்தில் ஒருவர்" நான் கணக்குக்காக வைத்த எண் என்பதை மறக்க வேண்டாம். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பையன் இதைத் தானே கரும்பலகையில் போட்டுப் பார்த்தான். பிறகு பிரம்படிக்கு எவ்வளவு சார் வைக்கலாம் என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

எல்லாம் சரி, கல்லூரிக்குப் பணம் எங்கே போறது? அப்பா செம்பனைக் குலை அறுக்கிறாரு, அம்மா உதிரிக் காய் பொறுக்குறாங்க.

கல்லூரி என்றதும் கோலாலம்பூரில் உள்ள தனியார் கல்லூரியின் விளம்பரப் பலகைதான் கண்ணுக்குத் தெரிகிறது. தொல்லையே அங்குதான் தொடங்குகிறது. அரசாங்கப் பாலிடெக்னிக்கில் ஒரு பருவத்துக்குக் கட்டணம் 200 ரிங்கிட். ஆறு பருவங்களுக்கு 1,200. மூன்று ஆண்டு டிப்ளோமாவின் கட்டணம், மேலே சொன்ன ஒரு மாதக் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறைவு. 1969இல் தொடங்கப்பட்ட நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார், இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், ஈப்போவில் இருக்கிறது. கோலகங்சாரில் செண்டரோ சமூகக் கல்லூரி இருக்கிறது.

தங்குமிடம், சாப்பாடு, மோட்டார் சைக்கிள் பெட்ரோல் ஆகியவைதான் உண்மையான செலவு. அதற்குப் பி.டி.பி.டி.என். கடன் உண்டு, ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம், படிப்பு முடிந்து 12 மாதங்களுக்குப் பிறகே திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். தொழில் திறன் பயிற்சிக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே. கடன் தருகிறது. இவற்றைக் கேட்டு வந்தவர்களில் பலர் பணமில்லாமல் நின்றவர்கள் அல்லர், தேதியைத் தவறவிட்டவர்கள். அப்பாவின் சம்பளச் சீட்டுகளைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே தோட்ட அலுவலகக் கிராணியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ளோமா முடிச்ச எங்க அண்ணன் இன்னைக்கு மோட்டார்ல சாப்பாடு டெலிவரி பண்றாரு. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?

இந்தக் கேள்விக்கு மழுப்பக் கூடாது. டிப்ளோமா வேலையை உறுதி செய்வதில்லை. எந்தத் துறை என்று பாராமல், நண்பன் சேர்ந்தான் என்று சேர்ந்த படிப்புகளில் முடித்தவர்கள் பலர் இந்நகரில் அல்லாடுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதைத் துண்டுப் பிரசுரம் போட்டு ஆற்றிவிட முடியாது.

ஆனால் உங்கள் அண்ணன் மாலையில் வீட்டுக்கு வருகிறார். அடுத்த மாதம் நல்ல இடம் ஒன்று காலியானால் விண்ணப்பிக்க அவரிடம் தாள் இருக்கிறது. தவறான படிப்பைத் திருத்திக்கொள்ளலாம். 6பி வழக்கைத் திருத்திக்கொள்ள முடியாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மைச் சுற்றி எது ஓடுகிறது என்று பாருங்கள். செம்பனை ஆலையில் கொதிகலனை இயக்கச் சான்றிதழ் பெற்ற பாய்லர்மேன் இல்லாமல் முடியாது. மின் பகுதிக்குச் சார்ஜ்மேன் வேண்டும். இந்த இரண்டு சொற்களையும் விளம்பரப் பலகைகளில் பார்க்க முடியாது, ஆனால் ஆலை மேலாளரைக் கேட்டால் ஆள் கிடைக்காத கதையைச் சொல்வார்.

எஸ்.பி.எம்.ல சரித்திரம் போச்சு. சான்றிதழே கிடைக்கல. எனக்கு எந்தக் கதவும் இல்லையே?

மலாய் மொழியிலும் சரித்திரத்திலும் தேர்ச்சி பெறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்காது. இவ்விரண்டையும் மறுதேர்வாக எழுதலாம். அது ஒரு கதவு.

இன்னொரு கதவு மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். அந்தத் திறன் சான்றிதழ் முறை 5 நிலைகள் கொண்டது. முதல் மூன்று நிலைகள் எஸ்.கே.எம்., 4ஆம் நிலை டிப்ளோமா, 5ஆம் நிலை உயர் டிப்ளோமா. தொடக்க நிலைகளுக்கு மலாய் மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தால் பெரும்பாலும் போதும். வெல்டிங், குளிர்சாதனம், மின்கம்பி இணைப்பு என்று தொடங்கி மேலே ஏறலாம். நான் இருபத்தைந்து ஆண்டுகள் சரித்திரம் கற்பித்தவன். சரித்திரத்தில் தோற்ற பையன் போட்டுக் கொடுத்த குளிர்சாதனத்தின் கீழ்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் செடின்னா நிஜமாவே பிடிக்கும். பணத்துக்காக மட்டும் இல்ல. அதுக்கு என்ன வழி?

இதைக் கேட்டவன் பொய் சொல்லவில்லை; அவன் விரல் நகங்களில் மண் இருந்தது. பேராக்கின் போத்தாவில் விவசாய இலாகாவின் தித்தி கந்துங் விவசாயக் கழகம் இருக்கிறது. புத்ரா பல்கலைக்கழகத்தில் விவசாய டிப்ளோமாவும் பட்டப்படிப்பும் இருக்கின்றன. மிளகாயைப் பாலித்தீன் பையில் நட்டு, உரம் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் பெர்டிகேஷன் முறையைக் கற்றுக்கொண்டு, அக்ரோபேங்க் கடனில் தொடங்கியவர்களும் உண்டு. நீரின் உப்பளவு, அமில அளவு, வெளிச்சம், காற்றோட்டம், பூச்சி ஆகிய எல்லாவற்றையும் கற்றுத் தேர்வதற்கு மிளகாயே போதுமான முரட்டுச் செடி. விலை விழும் மாதங்களில் கை சுடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்க்கல, ஆனா புகைச்சிருக்கேன். சிறுநீர்ச் சோதனையில வந்தா படிப்பு போயிடுமா?

பயன்படுத்தியதற்கு அதே 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டுகள் வரை சிறையோ விதிக்கப்படலாம். அதன்பின் 2 முதல் 3 ஆண்டுகள் கண்காணிப்பும் உண்டு. கல்வி நிலையம் என்ன செய்யும் என்பது அதன் விதிகளைப் பொறுத்தது. நிறுத்த முடியவில்லை என்றால், பிடிபடும்வரை காத்திராமல் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யிடம் தானாகவே சென்று சிகிச்சை கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எல்லோருக்கும் பெரிய கேள்வி. தேவையானால் நான் கூட வந்து உட்காருகிறேன், முன்பும் உட்கார்ந்திருக்கிறேன்.

என் தம்பி வளர்க்கிறான்னு எனக்குத் தெரியும். போலீஸ்ல சொல்லணுமா, பிடுங்கிப் போட்டுடவா?

இரண்டையும் இன்று இரவே செய்துவிடாதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, ஆலோசனைக்காக அவரிடம் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியிட முடியாது. நீங்களே பிடுங்கி மறைத்தால் சாட்சியத்தை அழித்த பழி உங்கள் மீதும் வரலாம். நீங்களும் அதே வீட்டில் குடியிருப்பவர் என்பதால், மாமா நிலத்தைப் பற்றிய பதிலில் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். தெரிந்தும் பேசாமல் இருந்ததை அனுமதித்ததாகக் கொள்ளக்கூடும். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. தம்பி கைதாகிவிட்டால், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தொடர்புகொள்ளும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் அவனுக்கு உண்டு. அதை அவன் வாய் திறந்து கேட்க வேண்டும் என்பதை இப்போதே சொல்லிக் கொடுங்கள்.

அந்த அண்ணன் முன்பணமா 500 ரிங்கிட் கொடுத்தாரு. செலவாயிடுச்சு. இப்ப வேணாம்னா அடிப்பேங்கிறாரு.

கடைசியாக வைத்திருக்கிறேன் என்றாலும், பல பையன்களுக்கு முதலில் வந்து நிற்கும் கேள்வி இதுதான். சட்டவிரோதமான நோக்கத்துக்குச் செய்த ஒப்பந்தம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி செல்லாது. ஆகவே அந்த 500 ரிங்கிட்டுக்காக எந்த நீதிமன்றமும் உங்களை வேலைக்கு அனுப்பாது. மிரட்டுவது தனிக் குற்றம். அதற்குக் காவல்துறையில் புகார் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லப்போவதில் உங்களைப் பற்றியும் இருப்பதால், மேலே சொன்னபடி வழக்கறிஞரிடம் பேசிய பிறகே போங்கள்.

இதை முதன்முதலாகக் கேட்ட பையன் மூன்று வாரம் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தான். பிறகு அவன் அப்பாவிடம் சொன்னான். வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, தோட்டத்துக் கூட்டுறவுக் கடையில் கடன் சொல்லி, தண்டலிடம் கைமாற்று வாங்கி, 500 ரிங்கிட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டுக் கடையில், பத்துப் பேர் பார்க்க, அந்த அண்ணனின் மேசையில் வைத்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தார். பையன் அடுத்த திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தான். யூ.பி.யூ. விண்ணப்பம் மூட இன்னும் நான்கு நாள்கள் இருந்தன.